குளிர்ந்த கராஜில் எபாக்சி ப்ரைமர்: அகச்சிவப்பு விளக்கால் இறுக வைக்க முழுமையான வழிகாட்டி

எபாக்சி ப்ரைமர் என்பது துரு ஏறாமல் இரும்பின் மேல் முதலில் பூசும், இரண்டு பாகமாக வரும் அடிப்பூச்சு. அதோடு தயாரிப்பாளர் தரும் டேட்டா ஷீட்டில் "20 டிகிரியில் 7 நாளில் முழுமையாக இறுகும்" என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். டொரான்டோவுக்குக் கிழக்கே இருக்கும் என் கராஜில் டிசம்பர் காலையில் 3 டிகிரி. ஹீட்டர் போட்டால் 10, 12 வரை ஏறும். அணைத்தால் ஒரு மணி நேரத்தில் பழையபடி இறங்கிவிடும். ஆனால் துரு வேலை வருவதே இந்தக் காலத்தில்தான். பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு வண்டியின் அடிப்பாகத்தையும் டிரெய்லர் சட்டத்தையும் அரிக்க ஆரம்பித்துவிட்டால், மே மாதம் வரட்டும் என்று பொறுத்திருக்க முடியாது.

வீட்டோடு ஒட்டிய கராஜ், சாதாரண 120 வோல்ட் பிளக், ஸ்ப்ரே பூத் கிடையாது, வேலைக்கு ஓர் ஆள். இந்த நிலையில் இருப்பவருக்காக எழுதுகிறேன். உதாரணத்துக்கு என் சரக்கு டிரெய்லரையே எடுத்துக்கொள்கிறேன். அதன் சட்டம் 3 மி.மீ. ஆங்கிள். முன்னால் கொக்கி மாட்டும் இடத்தில் மட்டும் 6 மி.மீ. தகடு வைத்து வெல்ட் அடித்திருக்கிறது. அந்தத் தகடு இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் வேலை கெட்டுப்போவது அங்கேதான்.

காய்வது வேறு, இறுகுவது வேறு

எனாமல் பெயின்டில் தின்னர் ஆவியாகப் போனதும் தொட்டால் ஒட்டாது, வேலை பெரும்பாலும் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். எபாக்சியில் தின்னர் போவது முதல் கட்டம் மட்டும்தான். அதற்குப் பிறகு ஒரு பாகத்தில் இருக்கும் ரெசினும், மற்றப் பாகமான ஹார்டனரில் இருக்கும் அமீன் என்ற வேதிப்பொருளும் வினைபுரிந்து பின்னிக்கொள்ள வேண்டும். அந்த வினை வெப்பத்தை நம்பி நடப்பது. தோராயக் கணக்கு ஒன்று உண்டு: 10 டிகிரி கூடினால் வேகம் இரண்டு மடங்கு, 10 டிகிரி குறைந்தால் பாதி.

இந்தக் கணக்குப்படி 5 டிகிரியில் 7 நாள் வேலை 20 நாளாக நீள வேண்டும். நிஜத்தில் அதைவிட மோசம். குளிரில் படலம் பாதி வினையிலேயே கண்ணாடி போல விறைத்துவிடும். மூலக்கூறுகள் அசைய இடமில்லாமல் வினை அப்படியே நின்றுபோகும். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். எம்இகே என்ற கடுமையான கரைப்பானைத் தொட்ட துணியால் தேய்த்தால் வழித்துக்கொண்டு வந்துவிடும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 60 டிகிரியில் 40 நிமிடம் வைத்தால் வேகம் 16 மடங்கு, அதாவது 20 டிகிரியில் பத்தரை மணி நேரத்துக்குச் சமம். ஓர் இரவு. அவ்வளவுதான். "விளக்கில் முக்கால் மணி நேரம் காட்டினேன், முழுசாக இறுகிவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்கும் நிலைக்கு வந்திருக்கும். மீதி வேலை பாக்கி இருக்கிறது.

காற்றைச் சூடாக்கி நான் கெட்டது

முதல் குளிர்காலத்தில் புரொப்பேன் டார்பிடோ ஹீட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். பீரங்கி மாதிரி இருக்கும், நெருப்பு வெளியே தெரியும். அரை மணியில் கராஜ் 18 டிகிரி. பூசினேன். மறுநாள் ப்ரைமர் மேல் வெளிறிய, எண்ணெய் தடவிய மாதிரி ஒரு பிசுபிசுப்பு. துடைத்து, தேய்த்துவிட்டு மேல்கோட் அடித்தேன். மார்ச்சில் அது பாளம் பாளமாக உரிந்து வந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவியும் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடும் வெளியே வரும். அந்த இரண்டும் சேர்ந்து படலத்தின் மேற்பரப்பில் இருக்கும் அமீனைப் பிடித்துக்கொண்டு கார்பமேட் உப்பாக மாற்றிவிடும். இதை அமீன் பிளஷ் என்பார்கள். அதன் மேல் எந்த பெயின்டும் நிற்காது. போதாததற்கு, காற்று 18 டிகிரிக்கு வந்தபோதும் இரும்பு 6 டிகிரியிலேயேதான் இருந்திருக்கும். நான் அளக்கவே இல்லை. மூடிய கராஜில் கார்பன் மோனாக்சைடு அபாயம் வேறு.

அகச்சிவப்பு விளக்கின் லாபம் இதுதான். அது காற்றை விட்டுவிட்டுப் பொருளைச் சூடாக்கும். எரிவதால் வரும் ஈரமும் கிடையாது. நாம் பார்க்க வேண்டியது ஒரே எண்: இரும்பின் வெப்பம். சுவரில் மாட்டிய தெர்மாமீட்டரை மறந்துவிடலாம்.

எந்த விளக்கு, எவ்வளவு மின்சாரம்

டிங்கர் பட்டறைகளில் ஸ்டாண்டோடு இருக்கும் ஷார்ட்வேவ் விளக்கு நல்லது. அதன் கதிரில் ஒரு பகுதி படலத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், அதனால் சூடு அடியிலிருந்தும் வரும். செக்கச்செவேலென்று எரியும் குவார்ட்ஸ் குழாய் ஹீட்டரும் போதும். அதன் கதிரைப் பெரும்பாலும் மேல்படலமே விழுங்கிக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் பொறுமையாகச் சூடேற்ற வேண்டும். கையில் காசு குறைவென்றால் கோழிக்குஞ்சுக்குப் போடும் 250 வாட் சிவப்பு பல்பு நான்கு, பீங்கான் ஹோல்டரில். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும்.

15 ஆம்ப் லைன் 1800 வாட் தாங்கும் என்று தோன்றும். ஆனால் மணிக்கணக்காகத் தொடர்ந்து ஓடுவதற்கு அதில் 80 சதவீதம், அதாவது 1440 வாட் வரைதான் ஏற்றலாம் என்பது மின்வேலை செய்பவர்களின் கணக்கு. 1500 வாட் விளக்கு 12.5 ஆம்ப் இழுக்கும், அந்த வரம்பைக் கொஞ்சம் தாண்டியே நிற்கும். அந்த லைனில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. என் வீட்டில் கராஜ் ஃப்ரீசர் அதே லைனில் இருந்தது எனக்குத் தெரியாது. ராத்திரி ஃப்ரீசர் மோட்டார் ஓட ஆரம்பித்ததும் பிரேக்கர் விழுந்தது. காலையில் ப்ரைமரும் இறுகவில்லை, ஃப்ரீசரில் இருந்த மீனும் இளகிப்போயிருந்தது. எக்ஸ்டென்ஷன் வயர் போட்டே ஆக வேண்டுமென்றால் 12 கேஜ், குட்டையாக, சுருட்டி வைக்காமல்.

முந்தின நாள் இரவு

காரை வெளியே எடுத்துவிடுங்கள். சக்கர வளைவில் ஒட்டியிருக்கும் பனி உருகித் தரையில் தேங்கினால் கராஜின் ஈரப்பதம் எகிறும். தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டுத் தரை காயட்டும்.

ப்ரைமர் டப்பாவையும் ஹார்டனரையும் வீட்டுக்குள், 20 டிகிரி உள்ள இடத்தில், மூடியைத் திறக்காமல் ராத்திரி முழுக்க வையுங்கள். குளிரில் ரெசின் தேன் மாதிரி கெட்டியாகிவிடும், சரியாகக் கலக்காது. அதைத் தின்னர் ஊற்றி இளக்குவது தப்பு. தின்னர் கூடினால் அது வெளியேற இன்னும் நேரமாகும், படலமும் மெலியும். தின்னர் இல்லாத வகை ரெசின் சில சமயம் சர்க்கரை மாதிரி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அது கெட்டுப்போனதல்ல. டப்பாவை 50 டிகிரி வெந்நீரில் வைத்துத் தெளியும்வரை கலக்கினால் போதும். தின்னர் கலந்த ப்ரைமருக்கு இந்த வெந்நீர் வைத்தியம் வேண்டாம்.

டிரெய்லரை வெளியே -8 டிகிரியில் விட்டுவைத்து, காலையில் சூடான கராஜுக்குள் தள்ளினால் இரும்பு வியர்க்கும். 15 டிகிரியில் பாதி ஈரப்பதம் உள்ள காற்றின் பனிநிலை ஏறக்குறைய 5 டிகிரி. அதற்குக் கீழே இருக்கும் எந்த உலோகத்திலும் நீர் படியும். எனவே முந்தின நாளே உள்ளே கொண்டுவந்து, மரக்கட்டைகள் மேல் தூக்கி நிறுத்துங்கள். சட்டம் நேராக கான்கிரீட்டைத் தொட்டால் நாம் கொடுக்கும் சூட்டைத் தரை குடித்துக்கொண்டே இருக்கும்.

தேய்ப்பது, துரு எடுப்பது, உப்பைத் தண்ணீரால் கழுவுவது, கிரீஸ் எடுப்பது எல்லாம் வழக்கம் போல. ஒன்று மட்டும்: உப்பு போக முதலில் தண்ணீர், எண்ணெய் போகப் பிறகு கரைப்பான். கரைப்பான் உப்பைக் கரைக்காது.

பூசுவதற்கு முன்பே இரும்பைச் சூடாக்குங்கள்

விளக்கைப் பூசிய பிறகுதான் பலரும் எடுக்கிறார்கள். என் அனுபவத்தில் முன்சூடுதான் பாதி வெற்றி. குளிர்ந்த இரும்பில் பட்ட எபாக்சி முதல் ஒரு மணி நேரத்திலேயே பிளஷ் ஆக ஆரம்பிக்கலாம். பின்னால் காட்டும் சூடு அதைத் திருப்பிச் சரிசெய்யாது.

எவ்வளவு சூடு வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டர் 23.5 கிலோ. அதை 5 டிகிரியிலிருந்து 30-க்கு ஏற்ற சுமார் 290 கிலோஜூல் ஆகும். 1500 வாட் விளக்கில் மூன்றில் ஒரு பங்கு இரும்பில் சேர்கிறது என்று வைத்தால் பத்து நிமிடம். ஏறும்போதே குளிரில் இழப்பதையும் சேர்த்தால் கால் மணிக்கு மேல். 6 மி.மீ. தகட்டுக்கு இதன் இரட்டிப்பு. இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவர் "ஏன் இன்னும் சூடேறவில்லை" என்று விளக்கைக் கிட்டே தள்ளமாட்டார்.

தேய்த்துப் பளபளக்கும் இரும்பு கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதே காரணத்தால் லேசர் தெர்மாமீட்டரும் அங்கே பொய் சொல்லும்: 30 டிகிரி இரும்பை 14 என்று காட்டும், அல்லது விளக்கின் பிரதிபலிப்பைப் படித்து 70 என்று காட்டும். நான் பூசாத பின்பக்கத்தில் மாஸ்கிங் டேப் துண்டுகளை ஒட்டி, விளக்கை ஒரு கணம் வேறு பக்கம் திருப்பிவிட்டு டேப்பின் மேல் அளப்பேன். மல்டிமீட்டரோடு வரும், வெப்பம் அளக்கும் கே-டைப் தெர்மோகப்பிள் கம்பி இருந்தால் அதை டேப்புக்கு அடியில் ஒட்டிவிடலாம், இன்னும் நம்பகம். கட்டாயம் ஒரு டேப் அந்த 6 மி.மீ. தகட்டில் இருக்க வேண்டும்.

இலக்கு 25 முதல் 30 டிகிரி. எந்த நிலையிலும் பனிநிலையைவிட 3 டிகிரியாவது மேலே. 30-ஐத் தாண்டினால் ரோலர் இழுபடும்.

விளக்கை அணைத்து, வெளியே எடுத்துவிட்டு, பிறகே டப்பாவைத் திற

இதில் சமரசம் கிடையாது. அசிட்டோன், எம்இகே கலந்த தின்னரின் ஆவி உறைபனிக் குளிரிலேயே தீப்பிடிக்கும். சைலீன் 27 டிகிரி வாக்கில். இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை, தரையோடு ஊர்ந்து போகும். அணைத்த குவார்ட்ஸ் குழாய்கூடக் கொஞ்ச நேரம் சூடாகவே இருக்கும். எனவே பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, இடத்தைவிட்டே நகர்த்துங்கள். கராஜிலோ பக்கத்து அறையிலோ கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதன் பைலட் சுடரை அணையுங்கள். காற்றோட்டத்துக்கு மின்விசிறி வைப்பதானால் வெளிக்காற்றை உள்ளே ஊதும்படி வையுங்கள். ஆவி மோட்டார் வழியாக வெளியே போகக் கூடாது. வீட்டுக்குள் போகும் கதவின் இடுக்கை டேப்பால் அடைத்துவிடுங்கள்.

ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், நைட்ரைல் கையுறை. ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க எபாக்சி பக்கம் போக முடியாது. வீட்டில் ஸ்ப்ரே அடிக்காமல் ரோலரும் பிரஷ்ஷும் போதும் என்பது என் கட்சி. டிரெய்லர் சட்டத்துக்குக் கண்ணாடி ஃபினிஷ் யாரும் கேட்கப்போவதில்லை.

கலக்கும் விகிதத்தில் கை வைக்கக் கூடாது. நம் ஊர் டிங்கர் பட்டறையில் பட்டி போடுகிறவர்கள் குளிர் நாளில் ஹார்டனரைக் கொஞ்சம் கூடப் பிதுக்குவார்கள். பாலியெஸ்டர் பட்டியில் அது செல்லும், ஏனென்றால் அங்கே ஹார்டனர் வினையைத் தூண்டிவிடுவது மட்டும்தான். எபாக்சியில் ஹார்டனரே பாதி சரக்கு. கூடினால் மிச்சம் நிற்கும் அமீன் மேலே வந்து பிளஷ் ஆகும், குறைந்தால் ரெசின் ஜோடி இல்லாமல் ஒட்டிக்கொண்டே கிடக்கும். கலந்ததும் 20, 30 நிமிடம் ஊறவிடச் சொல்லும் ப்ரைமர்கள் உண்டு. டேட்டா ஷீட் சொன்னால் அப்படியே செய்யுங்கள்.

ஒரே தடவையில் தடிமனாக அப்ப வேண்டாம். ஈரப்படலம் 150 மைக்ரான், திடப்பொருள் பாதி என்றால் காய்ந்தபின் 75 மைக்ரான் நிற்கும். ஒரு கோட்டுக்கு அது தாராளம்.

விளக்கைத் திருப்பும் நேரம்

பூசியவுடன் சூடு காட்டினால் மேலே தோல் கட்டிவிடும். உள்ளே மாட்டிய தின்னர் அதை முட்டிக்கொண்டு வெளியே வரும்போது ஊசி குத்தின மாதிரி துளைகள் விழும். ஒவ்வொரு துளையிலும் அடுத்த வருஷத் துரு உட்கார்ந்திருக்கும். தின்னர் போகக் காத்திருக்கும் நேரம் டேட்டா ஷீட்டில் 20 டிகிரிக்கு 15 நிமிடம் என்று போட்டிருந்தால் நான் 40 நிமிடம் விடுவேன். கராஜ் கதவை ஒரு சாண் தூக்கிவைத்து, வாசனை பெரும்பாலும் அடங்கும்வரை. முன்சூடு ஏற்றிய இரும்பு இந்த நேரத்தில் படலத்தைத் தாங்கிக்கொள்ளும்.

பிறகு கதவை இறக்கி, விளக்கை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். முடிந்த இடங்களில் பூசாத பக்கத்திலிருந்து காட்டுங்கள். ஆங்கிளின் உள்பக்கத்தில் காட்டினால் சூடு இரும்பு வழியாக வந்து படலத்தை அடியிலிருந்து இறுக்கும், மிச்சத் தின்னரும் தடையில்லாமல் மேலே போய்விடும். கால் மணியில் 35 டிகிரி வந்தால் போதும். பிறகு 70 செ.மீ. வரை கிட்டே கொண்டுவந்து 60 வரை ஏற்றுங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் சூடு ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதால் ஐந்து ஐந்து சென்டிமீட்டராக நகர்த்துவது நல்லது. டேட்டா ஷீட்டில் உச்ச வெப்பம் வேறாக இருந்தால் அதுதான் வரம்பு. நான் எப்போதும் 80-க்குள் நிறுத்திக்கொள்வேன்.

என் விளக்கு ஒரு நேரத்தில் 2 அடிக்கு 3 அடி இடத்தைத்தான் பார்க்கும். சட்டத்தைத் துண்டு துண்டாக, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி செய்கிறேன். பின்புறம் அலுமினியத் தாள் ஒட்டிய, தீப்பிடிக்காத ராக்வூல் பலகையை நிறுத்தினால் வீணாகும் சூட்டில் கொஞ்சம் திரும்பி வரும். போர்வை, தெர்மாகோல், பிளாஸ்டிக் ஷீட் எதுவும் பக்கத்தில் வேண்டாம். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். விளக்கு எரியும்போது உள்ளே போய் டீ போட்டுவிட்டு வருவது என்பதெல்லாம் கிடையாது.

இப்போது அந்த 6 மி.மீ. தகடு. போன ஜனவரியில் ஆங்கிள் 55 டிகிரியைத் தொட்டபோது அதே வெளிச்சத்தில் இருந்த தகடு 31-ல் நின்றது. ஆங்கிளைப் பார்த்து நேரம் எண்ண ஆரம்பித்திருந்தால் தகட்டில் ப்ரைமர் பச்சையாகவே இருந்திருக்கும். நான் ஆங்கிளை ஃபாயில் தாளால் மறைத்துவிட்டு, விளக்கைத் தகட்டுக்கு மட்டும் காட்டினேன். அது 60-க்கு வந்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். 40 நிமிடம் என்பது எப்போதும் மிகக் குளிர்ந்த புள்ளி 60-ஐத் தொட்ட நொடியிலிருந்து.

முடிந்ததும் விளக்கைத் தூரமாக்கி மெதுவாக ஆறவிடுங்கள். அடுத்த மூன்று சாயங்காலமும் இரண்டிரண்டு மணி நேரம் 50, 60 டிகிரிக்கு ஏற்றுகிறேன். மேலே சொன்ன கணக்குப்படி, அந்த முதல் "ஓர் இரவு" போக மீதியில் ஏறக்குறைய பாதியை இது அடைக்கும்.

இறுகியதா?

நன்றாக ஆறின பிறகு 320 நம்பர் உப்புக்காகிதத்தால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். மாவாகக் கொட்டினால் சரி. காகிதத்தில் உருண்டு உருண்டு ஒட்டினால் இன்னும் பச்சை. அடுத்தது எம்இகே தொட்ட வெள்ளைத் துணியால் முன்னும் பின்னுமாக 50 தேய்ப்பு. துணியில் லேசாக நிறம் வந்தால் பரவாயில்லை. படலம் இளகினாலோ இரும்பு தெரிந்தாலோ மறுபடியும் விளக்கு. இரண்டு சோதனையையும் தடித்த தகட்டில்தான் செய்ய வேண்டும், ஆங்கிளில் செய்து திருப்தி அடைய வேண்டாம்.

மேற்பரப்பு வழவழவென்று கை வழுக்கினால் பிளஷ். அது நீரில் கரையும் உப்பு என்பதால் தின்னர் போட்டுத் துடைத்தால் பரவத்தான் செய்யும். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் எடுத்துக் கழுவி, துடைத்து, அதன் பிறகு தேய்க்கவும். இந்த வரிசை மாறினால் பிளஷ்ஷையே தேய்த்து உள்ளே அமுக்குவதாகிவிடும். முதல் வருஷம் நான் செய்தது அதைத்தான்.

குளிரில் பாதியில் நின்றுபோன ப்ரைமரை உடனே சுரண்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் சூடு காட்டினால் நின்ற வினை தொடரும். கலக்கும் விகிதம் தப்பியிருந்தால் மட்டும் எத்தனை சூடு காட்டினாலும் பிசுபிசுப்பு போகாது. அதைச் சுரண்டத்தான் வேண்டும்.

எபாக்சி வெயிலில் வெளிறி மாவு பூக்கும், ஆகவே மேல்கோட் அவசியம். விளக்கில் இறுக்கிய ப்ரைமரில் மேல்கோட் அடிக்கும் கெடு சீக்கிரமே தாண்டிவிடும். டேட்டா ஷீட்டில் 72 மணி நேரம் என்று இருந்தாலும் அது 20 டிகிரிக் கணக்கு. மூன்று சாயங்காலம் சூடு கண்ட படலத்தை 320-ஆல் மங்கும்வரை தேய்க்காமல் மேலே எதையும் பூசாதீர்கள். ஐசோசயனேட் உள்ள இரண்டு-பாக பாலியூரிதேனை வீட்டில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கை நம்பி அதில் இறங்கக் கூடாது. நான் ஒற்றை-பாக எனாமலை ரோலரில் போட்டேன். இரண்டு குளிர்காலம் ஆயிற்று. பின் பக்கம் கல் அடித்த இரண்டு இடத்தைத் தவிர துரு இல்லை. தகட்டின் அடியை இந்த வாரம்தான் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன்.